நெஞ்சில் அச்சிடும் முகம் யாருடையது?

திருப்பூரில் அங்கேரிபாளையம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன பிரிண்டிங் யூனிட். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். குழந்தைகள் டி-ஷர்ட் ஒன்றுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து டேபிளில் கறுப்பு சிங்கிள் ஜெர்சி பேனல்களை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். மாஸ்டர் ஓர் இழுப்பு இழுத்து ஸ்கிரீனைத் தூக்கினார். வெள்ளை பிக்மென்டில் ஒரு முகம் ஈரமாக மின்னியது. ஒரு பக்கமாக வாரிய முடி, மூக்குக்குக் கீழே கட்டை மீசை. அடியில் கொட்டை எழுத்தில் பெயர்: ஹிட்லர்.

"உள்ளூர்ப் பையன் ஒருத்தன் புதுசா பிராண்டு ஆரம்பிக்கறானுங்க. கெத்தா இருக்கோணும்னு கேட்டான். ஃபிலிம் குடுத்தா நாம அடிச்சுக் குடுக்கறோம், அவ்வளவுதானுங்க" என்றார் மாஸ்டர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது என் ஆர்டர் இல்லை. என் பேனலைப் பார்த்தேன், கலர் சரி என்று கையெழுத்துப் போட்டேன், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று வரை என்னை விடவில்லை.

மெர்ச்சண்டைசிங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், டிசைன் டேபிளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும், பிரிண்டிங் யூனிட் நடத்துபவர்களுக்கும், காதர்பேட்டையில் சொந்தப் பெயரில் ஒரு பிராண்டு தொடங்கக் கனவு காண்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஜி.எஸ்.எம். பார்க்கிறோம், ஷிரிங்கேஜ் பார்க்கிறோம், கலர் ஃபாஸ்ட்னஸ் பார்க்கிறோம். துணியில் ஏறப்போகும் முகம் யாருடையது என்று பார்ப்பதும் அதே வேலையில் சேர்ந்ததுதான்.

பலகையில் ஏறிய பெயர்

இது திருப்பூரில் மட்டும் நடப்பதல்ல. 2006 ஆகஸ்டில் நவி மும்பையின் கார்கரில் 'ஹிட்லர்ஸ் கிராஸ்' என்று ஒரு ஓட்டல் திறந்தார்கள். வாசலில் ஹிட்லர் படம், கூடவே ஸ்வஸ்திகா. மும்பையின் யூத மக்கள் எதிர்த்தார்கள், இஸ்ரேல் துணைத் தூதரகம் பேசியது, சில நாளில் பெயர் மாறியது. அடுத்த ஆண்டே மும்பையில் ஒரு வியாபாரி 'நாஜி கலெக்‌ஷன்' என்று பெட்ஷீட் வரிசை ஒன்றை ஸ்வஸ்திகா போட்ட விளம்பரத் தாளோடு இறக்கினார். கேட்டபோது, 'நியூ அரைவல் ஸோன் ஆஃப் இண்டியா' என்பதன் சுருக்கம்தான் நாஜி என்று விளக்கம் சொன்னார். கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்பவர் யாராவது அந்தத் தாளைப் பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பார்.

நம் தொழிலுக்கு மிக நெருக்கமானது அகமதாபாத் கதை. 2012 ஆகஸ்டில் அங்கே வஸ்திராபூர் பகுதியில் ஆண்கள் ஆடைக்கடை ஒன்று 'ஹிட்லர்' என்ற பெயரில் திறந்தது. ஆங்கிலப் பலகையில் 'ஐ' எழுத்தின் புள்ளிக்குள் ஸ்வஸ்திகா இருந்தது. பங்குதாரரின் தாத்தா கண்டிப்பானவர், அவருக்கு வீட்டில் அந்தப் பட்டப்பெயர், அதைத்தான் வைத்தோம், அந்த ஆள் செய்ததெல்லாம் பிறகுதான் தெரியும் என்றார்கள் கடைக்காரர்கள். பெயரை மாற்ற வேண்டுமானால் பலகைக்கும் விளம்பரத்துக்கும் ஆன செலவை யாராவது தரட்டும் என்றும் சொன்னார்கள். அகமதாபாத்தில் யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். மேகன் ஆபிரகாம் என்ற ஜெப ஆலயம் 1934 முதல் அங்கே இருக்கிறது. அந்தத் தெரு வழியாகப் போகும் ஒரு யூதப் பாட்டிக்குப் பலகை என்ன சொல்லியிருக்கும்? இரண்டு மூன்று மாதத்தில் மாநகராட்சியே ஆள் அனுப்பிப் பலகையைக் கழற்றியது.

தாத்தா கதை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தமிழிலும் அந்தப் பெயர் அப்படித்தான் தேய்ந்து கிடக்கிறது. கண்டிப்பான ஹெட்மாஸ்டர் ஹிட்லர், லீவு தராத மேனேஜர் ஹிட்லர். 1982இல் சிவாஜி கணேசன் நடித்த படம் 'ஹிட்லர் உமாநாத்'. ஜீ தமிழில் 'திருமதி ஹிட்லர்' என்று ஒரு சீரியல் ஓடியது. 2024இல் விஜய் ஆண்டனி நடிப்பில் 'ஹிட்லர்' என்றே ஒரு படம் வந்தது. இந்தியிலும் 2011இல் 'ஹிட்லர் தீதி' வந்தது. அமெரிக்காவில் எதிர்ப்புக் கிளம்பியதும் அங்கே 'ஜெனரல் தீதி' என்று பெயரை மாற்றி ஒளிபரப்பினார்கள். வீட்டுக்குள் பட்டப்பெயராகப் புழங்கும் சொல் வெளியே பலகையில் ஏறியதும் அதன் முழு எடையோடு இறங்கும். அதைத்தான் அகமதாபாத் கடைக்காரர்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டார்கள்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் லெனின், ஸ்டாலின், முசோலினி, ஏன் ஹிட்லர் என்றுகூடப் பிள்ளைக்குப் பெயர் வைத்த தலைமுறை ஒன்று உண்டு. அப்பா அம்மா வைத்த பெயரை ஒருவர் சுமக்கிறார். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. பிராண்டு பெயரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

துணிக்காரர்களும் அங்கே இருந்தார்கள்

"நாம வெறும் துணிக்காரங்க, நமக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் இருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்கள் கம்பெனியின் நூல் ஸ்டோரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1942 ஆகஸ்ட் 6. நாஜிகளின் எஸ்.எஸ். படையில் வதைமுகாம்களை நிர்வகித்த அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. முகாம்களில் மழிக்கப்படும் மனித முடியை வீணாக்கக் கூடாது; பெண்களின் நீண்ட முடியை நூலாக நூற்று நீர்மூழ்கிக் கப்பல் ஆட்களுக்குச் சாக்ஸ் பின்ன வேண்டும், ரயில்வேக்காரர்களுக்குக் காலுறை செய்ய வேண்டும். கிலோவுக்கு 50 ஃபெனிக் விலையில் மில்களுக்கு விற்றார்கள். 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை ஆஷ்விட்ஸுக்குள் நுழைந்தபோது அனுப்பாமல் மிச்சம் கிடந்த முடியே சுமார் 7 டன். அந்த முடியும், முடியில் நெய்த துணிச் சுருளும் இன்றைக்கும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த ஒரு முகாமில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். ஹிட்லர் ஆட்சி கொன்ற யூதர்கள் 60 லட்சம். ரோமா மக்கள், போலந்துக்காரர்கள், உடல் ஊனமுற்றோர், மனநோயாளிகள் கணக்கு தனி.

அங்கே ஒரு மில்லில் லோடு இறக்கி எடை போட்டு ரசீது எழுதிய கிளார்க் இருந்திருப்பார். சிக்கு எடுத்து நூற்க அனுப்பியவர் இருந்திருப்பார். நமக்குத் தெரிந்த வேலைகள்தான் எல்லாமே.

பிரிண்டிங்கும் இருந்தது. 1941 செப்டம்பர் 19 முதல் ஜெர்மனியில் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் சட்டையின் இடது மார்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்று ஆணை. அந்த நட்சத்திரங்களைப் பெர்லினில் ஒரு கொடி தயாரிக்கும் கம்பெனி மஞ்சள் துணியில் ரோல் ரோலாக அச்சடித்துக் கொடுத்தது. அணிய வேண்டியவர்களே ஒன்றுக்கு 10 ஃபெனிக் கொடுத்து வாங்கி, வெட்டி, தைத்துக்கொள்ள வேண்டும். கார்மென்டிங்கும் இருந்தது. மெட்ஸிங்கன் என்ற ஊரில் 1924இல் தொழில் தொடங்கிய ஹ்யூகோ பாஸ், 1931இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், கட்சிப் படைகளுக்குச் சீருடை தைத்தார். போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் 140 பேர் அடிமை உழைப்பு செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 2011இல் அந்த நிறுவனமே ஒரு வரலாற்று ஆய்வாளரின் நூலுக்குப் பணம் கொடுத்து, அந்தக் காலத்துக்காக வருத்தம் தெரிவித்தது. ஆர்டர் வந்தது, தைத்தோம் என்பது எழுபது வருடம் கழித்தும் போதுமான பதிலாக இருக்கவில்லை.

இன்னொரு பேச்சும் நம் ஊரில் அடிக்கடி வரும்: ஹிட்லர் வெள்ளைக்காரனை எதிர்த்தவர், நேதாஜிக்கு உதவியவர், நமக்கு வேண்டியவர்தானே? நம்முடைய ஆயத்த ஆடைப் பூங்காவுக்கே நேதாஜி பெயர்தான். நேதாஜி 1942இல் ஹிட்லரைச் சந்தித்தது உண்மை. நாட்டின் விடுதலைக்காகப் போகாத இடமெல்லாம் போனவர் அவர். ஆனால் ஹிட்லர் நம்மைப் பற்றி என்ன நினைத்தார்? இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட இங்கிலாந்தின் கையில் இருப்பதே மேல் என்று தன் புத்தகத்தில் எழுதினார். 1937 நவம்பரில் தன்னைப் பார்க்க வந்த பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸிடம், காந்தியைச் சுட்டுவிடுங்கள், அடங்காவிட்டால் காங்கிரஸ் தலைவர்கள் ஒரு டஜன் பேரைச் சுடுங்கள், அதுவும் போதாவிட்டால் இருநூறு பேரைச் சுடுங்கள் என்று யோசனை சொன்னார். ஹாலிஃபாக்ஸ் அதற்கு முன் இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தவர்.

திருப்பூரில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். கதர் இயக்கத்தின் பெரிய மையமாக இருந்த ஊர். சென்னிமலை நெசவாளர் வீட்டில் பிறந்த குமரன், 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து, 11ஆம் தேதி உயிரை விட்ட ஊர். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே நினைவகம் இருக்கிறது. அன்றைக்கு நான் பார்த்த டேபிளில் இருந்து வண்டியில் பத்து நிமிடம்.

ஸ்கிரீன் எடுப்பதற்குள்

இனி நேராக வேலைக்கு வருவோம்.

தப்பு எந்தக் கட்டத்தில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டம். டெக் பேக் வந்த நாளில் பார்த்தால் ஒரு மெயிலோடு முடிந்தது. ஸ்ட்ரைக் ஆஃபில் பார்த்தால் ஃபிலிமும் ஸ்கிரீனும் போகும். பேனல் அடித்த பிறகு பார்த்தால் துணி போகும். நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங் என்று அதுவரை போட்ட எல்லாக் கூலியும் சேர்ந்து போகும். பேக்கிங் முடிந்து பார்த்தால் லேபிள், பாலி பேக், அட்டைப் பெட்டி, ஷிப்மென்ட் தேதி. கடைக்குப் போன பிறகு யாரோ ஒரு கஸ்டமர் பார்த்தால் பையரே போய்விடுவார். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்யும் ஊர் இது. பெரும்பகுதி போவது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும்.

கையில் ஆர்ட் ஒர்க் வந்ததும் முதலில் கம்ப்யூட்டர் திரையை விட்டுத் தள்ளி நின்று பாருங்கள். ஸாரா 2014 ஆகஸ்டில் இறக்கிய குழந்தைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டெக் பேக்கில் அது எப்படி இருந்திருக்கும் என்று நம்மால் ஊகிக்க முடியும்: வெள்ளை–நேவி பட்டை, முழுக்கை, நெஞ்சில் ஆறுமுனை மஞ்சள் நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள் மெல்லிய எழுத்தில் 'ஷெரிஃப்'. டிசைனர் நினைத்தது கௌபாய் படத்துப் போலீஸ்காரரை. பட்டையை ஒரு ஆள் பார்த்திருப்பார், நட்சத்திரத்தை இன்னொருவர் பார்த்திருப்பார், எழுத்தை மூன்றாமவர் சரி பார்த்திருப்பார். மூன்றையும் சேர்த்து, பத்தடி தூரத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. பட்டை போட்ட முகாம் உடுப்பும் மஞ்சள் நட்சத்திரமும் மூன்று வயதுப் பிள்ளை போடும் சட்டையில் ஒன்றாக வந்து நின்றன. சில மணி நேரத்தில் கடைகளில் இருந்து எடுத்தார்கள், மன்னிப்புக் கேட்டார்கள்.

அதே கம்பெனிக்கு 2007இல் வந்த சிக்கல் நமக்கு இன்னும் நெருக்கம். கைப்பை ஒன்றில் பூ, சைக்கிள் படங்களோடு ஸ்வஸ்திகாவும் இருந்தது. இங்கிலாந்தில் வாங்கிய ஒரு பெண் பார்த்துப் புகார் சொன்னார். பை போனது இந்திய சப்ளையரிடமிருந்து. நாங்கள் தேர்ந்தெடுத்தபோது அந்தக் குறி அதில் இல்லை என்றது கம்பெனி. நமக்கு மங்கலமான குறிதான். ஆயுத பூஜை அன்று கணக்குப் புத்தகத்திலும் ஓவர்லாக் மெஷினிலும் சந்தனத்தில் போடுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பரப்புவதும், அதற்காகத் தயாரித்து இருப்பு வைப்பதும் இறக்குமதி செய்வதும் குற்றவியல் சட்டம் 86-ஏ பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். நம் வழிபாட்டுக் குறி என்று கன்டெய்னர் கதவைத் திறக்கும் அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எக்ஸ்போர்ட் ஆர்டரில் பார்டர் டிசைனோ, ஆல் ஓவர் பிரிண்டோ, 'ஃபில்லர்' போட்டு இடத்தை நிரப்புங்கள் என்று உங்கள் ஆர்ட்டிஸ்ட்டிடம் சொன்னால், என்ன போட்டு நிரப்பினார் என்று ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். அப்ரூவ் ஆன ஆர்ட் ஒர்க்கில் இல்லாத ஒரு கோடு துணியில் இருந்தாலும் பழி முழுக்க நம் தலையில்தான்.

எண்களையும் எழுத்துகளையும் சும்மா விடாதீர்கள். 88 என்ற எண் நியோ நாஜிகளின் குறியீடு. ஆங்கில அகரவரிசையின் எட்டாவது எழுத்து 'எச்', இரண்டு 'எச்' சேர்ந்தால் ஹிட்லருக்குப் போடும் வணக்கத்தின் முதலெழுத்துகள். 18 என்றால் அந்த ஆளின் பெயரின் முதலெழுத்துகள். 88 போட்ட ஒவ்வொரு ஜெர்சியும் தப்பு என்று அர்த்தமில்லை, 1988இல் பிறந்தவர்களுக்கான டிசைனாகவும் இருக்கும். ஆனால் டிசைன் உங்கள் ஆர்ட்டிஸ்ட் போட்டதாக இருந்தால் வேறு எண் போடச் சொல்லுங்கள். பையர் கேட்டதாக இருந்தால் ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்கள். 2024 ஏப்ரலில் அடிடாஸ் ஜெர்மன் கால்பந்து அணி ஜெர்சியில் 44 என்ற எண்ணை அச்சிட்டுக் கொடுப்பதை நிறுத்தியது. எண்ணில் தப்பில்லை, அந்த எழுத்துருவில் இரண்டு நான்கு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எஸ்.எஸ். படையின் மின்னல் குறி போலத் தெரிந்தது. எழுத்துரு மாற்றும்போது 0 முதல் 99 வரை ஜோடி ஜோடியாக அடித்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

லான்ஸ்டேல் என்ற இங்கிலாந்து பிராண்டுக்கு வந்த சோதனை வேறு விதம். அதன் பெயரை நெஞ்சில் பெரிதாக அடித்து, மேலே ஜாக்கெட்டைப் பாதி திறந்துவிட்டால் நடுவில் என், எஸ், டி, ஏ என்ற நாலு எழுத்து மட்டும் தெரியும். நாஜிக் கட்சியின் ஜெர்மன் பெயர்ச் சுருக்கம் கிட்டத்தட்ட அதுதான். நியோ நாஜிகள் அதற்காகவே அந்தச் சட்டையை வாங்கிப் போட்டார்கள். கம்பெனி அந்த மாதிரிக் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்தியது, இனவெறிக்கு எதிரான பிரசாரத்துக்குப் பணம் போட்டது. தன் மேல் தப்பே இல்லாதபோதும் பொறுப்பு எடுத்துக்கொண்ட கம்பெனி அது.

அமெரிக்க ஆர்டர் பார்ப்பவர்கள் சிவப்புத் துணியில் குறுக்கே நீலப் பெருக்கல் குறியும் வெள்ளை நட்சத்திரங்களும் கொண்ட கொடியைத் தெரிந்து வைத்திருங்கள். அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி அது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் 9 பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்ற பிறகு வால்மார்ட்டும் அமேசானும் அந்தக் கொடி போட்ட சரக்கை எல்லாம் நீக்கின. ஹூடி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019 பிப்ரவரியில் பர்பரி கழுத்து நாடாவைத் தூக்குக் கயிறு போல முடிச்சிட்டு மேடையில் ஏற்றி, பிறகு மன்னிப்புக் கேட்டது. பிரிண்ட் மட்டுமல்ல, ட்ரிம்ஸும் பேசும்.

சொந்த பிராண்டு தொடங்குகிறவருக்கு

'கெத்தா இருக்கோணும்' என்ற அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். காதர்பேட்டையில் ஆயிரம் பேர் டி-ஷர்ட் விற்கும்போது உங்கள் பெயர் காதில் நிற்க வேண்டும் என்று நினைப்பது நியாயம். அதற்கு ஒரு கொலைகாரன் வேண்டியதில்லை.

சட்டம் உங்களைத் தடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் தவறான பயன்பாடு தடுப்புச் சட்டம் காந்தி, நேரு, சத்ரபதி சிவாஜி, பிரதமர் போன்ற பெயர்களையும் படங்களையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உலகத்துக் கொடுங்கோலர்களின் பட்டியல் எதுவும் அதில் இல்லை. 1999ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டத்தின் 9(2) பிரிவு மத உணர்வைப் புண்படுத்துவதையும் இழிவான, ஆபாசமானவற்றையும் பதியக் கூடாது என்கிறது. அதைப் பார்த்து அதிகாரி ஆட்சேபிக்கலாம். ஆடைகளுக்கு 25ஆம் வகுப்பு, பெட்ஷீட் போன்றவற்றுக்கு 24. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். அதிகாரி விட்டுவிட்டாலும் டிரேட் மார்க் ஜர்னலில் வெளியான நாலு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். ஐரோப்பாவுக்கு அந்தப் பிராண்டைக் கொண்டுபோக நினைத்தால் பொது ஒழுக்கத்துக்கு எதிரானது என்று அங்கேயும் மறுக்க வழி உண்டு.

பதிவு கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்தப் பெயருக்குரிய ஆள் யாரை என்ன செய்தான், அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. யூதர்கள் எங்கோ இருப்பவர்கள் அல்ல. திருப்பூரில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் கொச்சி. அங்கே மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயம் நிற்கிறது.

நம் பக்கமே திரும்பிப் பார்க்கலாம். வீரப்பன் முகத்தை டி-ஷர்ட்டில் போட்டால் இளைஞர்களிடம் ஓடும் என்று யாராவது உங்களிடம் யோசனை சொல்லக்கூடும். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே அவன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். அவர்களுடைய வீடுகள் நம் சுற்று வட்டாரத்தில்தான். அவனைத் தேடப்போன அதிரடிப் படையிடம் அடிபட்ட மலைக்கிராமத்து மக்களும் நம் சுற்று வட்டாரத்தில்தான். இரண்டு பக்கத்திலும் யாரோ ஒருவர் உங்கள் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் கையிலேயே அந்தப் பேனலைக் கொடுத்து அடுக்கச் சொல்வீர்களா?

நமக்கு வலித்தபோது நாம் சும்மா இருந்ததில்லை. 2003இல் அமெரிக்கன் ஈகிள் கம்பெனி பிள்ளையார் படம் போட்ட செருப்பு விற்றபோது அங்கிருந்த இந்துக்கள் எதிர்த்தார்கள். கம்பெனி சரக்கைத் திரும்ப எடுத்தது. 2015இல் அமெரிக்க பீர் கம்பெனி ஒன்று டப்பாவில் காந்தி படம் போட்டு, வழக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டது. 2017 ஜனவரியில் அமேசானின் கனடா தளத்தில் நம் தேசியக் கொடி போட்ட மிதியடி வந்தபோது, அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ் அமேசான் அதிகாரிகளின் விசாவையே ரத்து செய்வேன் என்றார், உடனே நீக்கினார்கள். அவர்களும் தெரியாமல்தான் செய்தார்கள். நம் கோபம் நியாயமாகத்தான் இருந்தது.

பழகிவிட்ட பிராண்டு, எப்படி மாற்றுவது என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் 1889 முதல் ஓடிய 'ஆன்ட் ஜெமைமா' மாவு, அடிமைப் பெண்ணைக் கேலி செய்யும் உருவம் அது என்பதால் 2021இல் பெயரை விட்டது. அதன் உருவத்தை ஒவ்வொரு காலை உணவிலும் பார்த்து வளர்ந்த நாட்டிலேயே அது முடிந்தது. ஆறு மாதம் ஓடிய இன்ஸ்டாகிராம் பிராண்டுக்கு முடியாததா?

முதலாளியிடம் எப்படிச் சொல்வது

இதுதான் கஷ்டமான இடம். மேஜையில் மிகச் சின்னவர் நீங்கள். எதிரே முப்பது வருடம் கம்பெனி நடத்தியவர். ஆர்டர் கைநழுவும் பயம் அவருக்கு, வேலை போகும் பயம் உங்களுக்கு.

நாலு பேர் முன்னால் பேசாதீர்கள். பையர் உட்கார்ந்திருக்கும்போது கண்டிப்பாகப் பேசாதீர்கள். தனியாகப் பிடியுங்கள், படத்தோடு போங்கள். "அண்ணா, இந்த ஆர்ட் ஒர்க்ல ஒரு பிரச்சினை இருக்குங்ணா. ஸ்கிரீன் எடுக்கறதுக்கு முன்னால ரெண்டு நிமிஷம் பாத்துட்டீங்கன்னா நல்லதுங்ணா." இவ்வளவு போதும் தொடக்கத்துக்கு. பிறகு ஸாரா சட்டையின் படத்தையும் உங்கள் டிசைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டாம். முடியில் சாக்ஸ் பின்னிய அந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். பனியன்காரர் யாருக்கும் அது புரியாமல் போகாது. அடுத்து, கையோடு மாற்று டிசைன் ஒன்றைக் கொண்டுபோங்கள். 'இது வேண்டாம்' என்று சொல்பவரைவிட 'இதற்குப் பதில் இது' என்று சொல்பவரை எந்த முதலாளியும் உட்கார வைத்துக் கேட்பார்.

பையரிடம் இருந்தே அப்படி ஒரு டிசைன் வந்தால் மெயில் சுருக்கமாக இருக்கட்டும். எந்தப் பேனல், எந்தக் குறி, எங்கே இருக்கிறது, எதை நினைவூட்டுகிறது, உங்கள் லீகல் டீமிடம் கேட்டு உறுதி செய்யுங்கள், பதில் வரும்வரை ஸ்கிரீன் எடுக்கவில்லை. குற்றம் சாட்டும் வார்த்தை ஒன்றும் வேண்டாம். பெரும்பாலும் நன்றி சொல்லித்தான் பதில் வரும்; பல கண்ணைத் தாண்டி வந்ததை நீங்கள் ஒருவர் பிடித்திருக்கிறீர்கள். பேசி முடித்ததை எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜோடு விடாதீர்கள்.

முதலாளி கேட்கவில்லை என்றால்? அப்ரூவல் ஷீட்டில் உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள். அதற்கு மேல் போராடுவதும் வேறு இடம் பார்ப்பதும் உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது; அதில் தீர்ப்பு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கையெழுத்து உங்களுடையது.

யூனிட் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். டேபிளில் பீஸ் ரேட்டுக்கு அடிக்கும் மாஸ்டரும் ஹெல்ப்பரும் நடுவில் வேலை நின்றால் அன்றைய கூலியை இழக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் முகத்தைப் பார்த்தும் பார்க்காதது போல அடிக்கிறார்கள். ஆட்சேபம் சொல்லி நிறுத்துபவருக்கு அன்றைய சம்பளம் குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஃபிலிம் வந்ததும் ரிஜிஸ்டரில் பார்ட்டி பெயர், கலர், சைஸ் எழுதுகிறீர்கள் அல்லவா, அதிலேயே 'படத்தில் இருப்பது யார்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். பெயர் தெரியாமல் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஸ்கிரீன் எடுக்க வேண்டாம்.

அடித்துவிட்ட சரக்கை என்ன செய்வது

ஆர்டர் கேன்சலான இந்த மாதிரிச் சரக்கை ஸ்டாக் லாட்டாகத் தள்ளிவிடச் சொல்லி நிறையப் பேர் வருவார்கள். ஏற்கக் கூடாது. எடைக்குப் போன பனியன் காதர்பேட்டையில் கை மாறி, வேறு மாநிலச் சந்தைக்குப் போய், லேபிளில் உங்கள் கம்பெனி எண்ணோடு எங்காவது ஒரு பிள்ளையின் உடம்பில் ஏறும். தைத்த பீஸாக இருந்தால் லேபிளைப் பிரித்து, பிரிண்ட்டின் நடுவே கத்தரி போட்டு, பனியன் வேஸ்ட்டோடு மட்டும் அனுப்புங்கள். பேனலாக இருந்தால் இன்னும் சுலபம். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு, ஐம்பது ஐம்பதாக அடுக்கி, முகத்தின் குறுக்கே மெஷினை ஓட்டச் சொல்லுங்கள். எத்தனை கிலோ, எந்தத் தேதி, யார் முன்னால் வெட்டியது என்று ரிஜிஸ்டரில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனையும் அன்றைக்கே கழுவி, மெஷ்ஷை அடுத்த டிசைனுக்குத் தயார் செய்துவிடுங்கள்.